ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டிய லான்ட் ரோவர்

குழு: உவர்மலை வீட்டார்

கண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். தம்பலகாமத்து நெல் ஆலைக் கொட்டிலில் நிற்கும் லான்ட் ரோவரைப் பற்றிப் போன கிழமை சொல்லியிருந்தேன். இன்று பெரிய மாமாவைக் கூட்டிச் சென்று காட்டினேன். உரிமையாளர் 22 இலட்சம் கேட்கிறார். கண்டியிலிருந்து வேறொருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம். அதற்கு முன்னர் முற்பணம் கொடுத்தால் வாகனத்தை நமக்கே தருவதாகச் சொல்கிறார். நிலாவெளிக் காணி விற்ற காசில் 10 இலட்சத்தை, சிறுபோக நெல் விற்கும் வரை கைமாற்றாக எடுக்கலாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா: அது வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருக்கும் காசு.

சின்ன மாமா (இலண்டன்): முதலில் படத்தை அனுப்பு, கண்ணன்.

கண்ணன்: நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். அச்சுக்கு அச்சு 88 அங்குலமுள்ள குட்டை வண்டி, 1965ஆம் ஆண்டுப் பதிவு, சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு.

சுதா மச்சாள்: மிகவும் அழகாக இருக்கிறது. ஆவணியில் நம் பிள்ளையின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை இதிலேயே அழைத்து வரலாமே.

அம்மா: சிங்கள ஸ்ரீயை அழித்துவிட்டுத் தமிழ் ஸ்ரீ எழுதியதற்காக 1958இல் பொலிசுக்குப் போய் நின்றவர் எங்கள் ஐயா. அவருடைய பேரன் அந்த எழுத்துக்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கப் போகிறான்.

பெரிய மாமா: பிள்ளைகளே, படத்தில் அழகாகத் தெரிவது வெளித்தகடு மட்டுந்தான். அதைப் பார்த்து யாரும் விலை பேசக்கூடாது. 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வாகனத்தை முதன்முதலாகக் காட்டிய காலத்தில், போர் முடிந்த இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடாக இருந்தபடியால், வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அவை துருப்பிடிப்பதில்லை, ஆகவே அறுபது வருடம் கழித்தும் ஒரு பூச்சுப் பெயின்ற் அடித்தால் புதுமாப்பிள்ளை போல நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் சுமக்கும் சேசியும், எஞ்சினுக்கும் நம் கால்களுக்கும் நடுவில் நிற்கும் தடுப்பும் உருக்கினால் ஆனவை. சேசி என்பது உள்ளே வெறுமையான பெட்டிச் சட்டம். வயல் சேறும் நம் ஊர் உப்புக் காற்றும் உள்ளே புகுந்து தங்கினால், துரு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியில் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

சின்ன மாமா (இலண்டன்): அண்ணா, சேசி எப்படி இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

பெரிய மாமா: ஒரு வரியில் சொல்லக்கூடிய விடயமாக இருந்தால் நான் அங்கே சாக்கு விரித்து நிலத்தில் படுத்திருக்க மாட்டேன். முன் ஸ்பிரிங்குகளிலிருந்து தொடங்கிச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் கணீரென்று ஒலித்தது. இருக்கையைத் தாண்டியதும் சத்தம் மந்தமாயிற்று. பின் குறுக்குச் சட்டத்துக்கு அருகில் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். புதுத் தார் இருக்கும் இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதால், அங்கே ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தினேன். அது கைபிடி வரை உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது செம்பொடியும் நெல் உமியும் சேர்ந்து என் கண்ணில் விழுந்தன.

கண்ணன்: அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டலாம் என்று கராச்சில் சொல்கிறார்கள், மாமா.

பெரிய மாமா: நல்ல உருக்கு தொடங்கும் இடம் வரை வெட்டினால் ஒட்டலாம். துருவின் மேலேயே தகட்டை வைத்து ஒட்டினால் நெருப்புப் பிடித்த இடத்தில் உருகி ஓட்டைதான் பெருக்கும். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் வண்டியின் மேல்கூட்டைக் கழற்றித் தனியே தூக்கி வைக்க வேண்டும். எல்லாம் போல்ட் பூட்டிய வண்டி என்பதால் அது முடியும், ஆனால் ஆவணிக்குள் முடியாது.

சுதா மச்சாள்: கலியாணத்துக்கு வேறு வாகனம் பார்க்கச் சொல்கிறீர்களா, அப்பா?

பெரிய மாமா: ஆம். அத்துடன் கண்ணனிடம் வண்டி முழுதும் அசல் தகடு என்று சொல்லப்பட்டிருக்கிறது. நான் ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. மட்காட்டிலும் பின்பக்கத்திலும் வழுக்கி விழுந்தது, வலது கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் பிடித்துக்கொண்டது. அது தகரத்தில் அடித்த கதவு.

சுதா மச்சாள்: குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கதிர்காமக் காந்தத்தைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய மாமா: சட்டைப் பையில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முன்விளக்குகள் மட்காட்டில் இருக்கின்றன. 1965இல் வந்த வண்டிக்கு அவை நடுவில், வலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மட்காட்டுக்கு அவை போனது அறுபதுகளின் இறுதியில்தான். எனவே ஒன்றில் மட்காட் மாற்றப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் வண்டியும் பதிவுப் புத்தகமும் வேறு வேறு. வலது முன் ஸ்பிரிங் தாங்கியில் சேசி இலக்கம் வெட்டியிருக்கும். பெயின்றைச் சுரண்டிப் பார்க்க உரிமையாளர் விடவில்லை.

அப்பா: மச்சான், அது ஒன்றே போதாதா? நாம் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

கண்ணன்: விடவில்லை என்று இல்லை அப்பா, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

சின்ன மாமா (இலண்டன்): இங்கே துத்தநாகம் பூசிய புதுச் சேசி செய்து விற்கிறார்கள். அது நம் பிள்ளைகளின் காலம் வரைக்கும் துருப்பிடிக்காது. விலையை விசாரிக்கவா?

பெரிய மாமா: தம்பி, சேசியை அனுப்பிவிடலாம், அதில் வெட்டப்பட்ட இலக்கத்துக்கு நாரஹேன்பிட்ட மோட்டார் திணைக்களத்தில் போய் நின்று பதில் சொல்லப்போவது நீ அல்ல. ஏற்கெனவே எஞ்சினிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் என்று இருக்கிறது, பொனற்றைத் திறந்தால் இசுசு டீசல் நிற்கிறது. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும்; பதியவில்லை.

அப்பா: டீசல் சிக்கனமாக ஓடுமே. பழைய பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர்தான் போகும்.

பெரிய மாமா: ஓடட்டும், மச்சான். ஆனால் அசல் எஞ்சின் ஆலையின் பின்புறத்தில் உமிச் சாக்குகளுக்கு நடுவில் கிடக்கிறது. விலை பேசும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டும். அது கையில் இருந்தால்தான் புத்தகத்தை ஒரு வழிக்குக் கொண்டுவரலாம்.

அம்மா: ஐயாவின் வில்லிஸ் ஜீப்பை என் கலியாணச் செலவுக்காக விற்றார்கள் என்று இந்தக் குடும்பத்தில் நாற்பது வருடமாகச் சொல்லிக் காட்டுகிறீர்கள். இப்போது என் மகன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து குறை கண்டுபிடிக்கிறீர்கள்.

சின்ன மாமா (இலண்டன்): அக்கா, நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா: நீ சொல்லவில்லை, உன் கலியாண வீட்டில் உன் மனைவி சொன்னாள்.

கண்ணன்: அம்மா, அதை இங்கே எழுத வேண்டாம். மாமா, கியர் எப்படி இருக்கிறது?

பெரிய மாமா: கியர் நன்றாக இருக்கிறது. முதலாம், இரண்டாம் கியர்களுக்குப் பற்களின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சின்க்ரோ கிடையாது; கிளச்சை இரண்டு தரம் மிதித்து மாற்றத் தெரியாதவன் ஓட்டினால் பற்கள் அரைபடும். திணைக்களத்து வண்டியை இருபது வருடம் ஓட்டிய என் கால் அதை மறக்கவில்லை. அதன் பிறகு மஞ்சள் குமிழை அழுத்தினேன். அதுதான் முன் சக்கரங்களையும் இழுக்க வைப்பது. சிவப்புத் தடியைப் பின்னால் இழுத்தேன். அது மெதுவான கியருக்குப் போவது. இரண்டும் வழுவழுப்பாக விழுந்தன. கண்ணன் சந்தோஷப்பட்டுப் படமும் எடுத்தான். ஆலை வாசலில் கிடந்த ஈர மணலில் ஏற்றியபோது பின் சக்கரம் மட்டும் சுழன்று குழி தோண்டியது. மறுபடியும் கீழே படுத்துப் பார்த்தேன். கியர்பொக்ஸிலிருந்து முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ற் அங்கே இல்லை, கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

சின்ன மாமா (இலண்டன்): அப்படியென்றால் அது வெறும் இரண்டு சக்கர இழுவை வண்டிதானே?

பெரிய மாமா: இப்போதைக்கு அதுதான். எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கழற்றினோம் என்கிறார் உரிமையாளர். அது உண்மையாகவும் இருக்கலாம். முன் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிபரன்ஷலில் பல் உடைந்து கழற்றியிருந்தாலும் வெளியே தெரிவது இதுவேதான். முன் சக்கரத்துக்குப் பின்னால் திரும்பும் உருண்டை முழுவதும் ஒயில் வடிந்து மண் அப்பியிருப்பதால் எனக்கு இரண்டாவது காரணத்தில்தான் நம்பிக்கை. ஷாஃப்றைக் கொண்டுவந்து நம் கண் முன்னால் பூட்டி, அதே மணலில் ஏற்றிக் காட்டட்டும்.

கண்ணன்: வயலுக்குப் போவதற்காகத்தானே வாங்குகிறேன். மாரியில் அந்த வரம்புப் பாதையில் உழவு இயந்திரமே புதைகிறது. நீங்கள் என்ன விலை சொல்வீர்கள், மாமா?

பெரிய மாமா: வாகன இறக்குமதி 2020இல் நின்றபோது ஏறிய விலையை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்ட பிறகும் இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சேசி இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போய், பழைய எஞ்சினும் முன் ஷாஃப்றும் சேர்த்துத் தந்தால் 14 சொல்லலாம். இலக்கம் ஒத்துப்போகாவிட்டால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

கண்ணன்: 14 என்றால் அவர் கதவை மூடிவிடுவார். 17 வரை போகலாமா?

அப்பா: வாங்கும் விலையை மட்டும் பேசுகிறாய். சேசி ஒட்டு, தடுப்புத் திருத்தம், பிரேக், ரயர், பெயின்ற் எல்லாம் யார் கணக்கு?

சின்ன மாமா (இலண்டன்): பிரேக் சாமான்களையும் ரப்பர் சாமான்களையும் இங்கிருந்து நான் அனுப்புகிறேன். அதைக் காணிக் காசில் கழிக்க வேண்டாம்.

சுதா மச்சாள்: அப்படியானால் ஓட்டுக் காசிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள். மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மா: 5 இலட்சத்துக்கு மேல் தரமாட்டேன். அதுவும் அண்ணன் அந்த இலக்கத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகு.

பெரிய மாமா: கண்டிக்காரர் வருவதற்கு முன்னர், ஞாயிறு காலை ஆறரைக்கே ஆலை வாசலில் நிற்க வேண்டும். கண்ணன் ஜக்கும் கம்பித் தூரிகையும் கொண்டுவரட்டும். பெயின்றைச் சுரண்டியபின் தொட்டுப் பூச ஒரு சிறு டின் பச்சையும் வாங்கி வை. அந்த மனிதர் குறை சொல்லக்கூடாது.

அம்மா: ஓட்டுக்காரர் நாளைக்கு அளவெடுக்க வருகிறார், அண்ணா. அவருக்கு நான் என்ன சொல்வது?

பெரிய மாமா: வரச் சொல். முற்பணம் மட்டும் இப்போது கொடுக்க வேண்டாம்.

கண்ணன்: மாமா, எதற்குக் கொடுக்க வேண்டாம் என்கிறீர்கள், ஓட்டுக்கா, ஜீப்புக்கா?