அயர்லாந்துக்காரன் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனது கூலிக்கா, கொடிக்கா?

கரிசல்காட்டான்:
பச்சைக் கொடி, யாழ்ச் சின்னம், பாதிரியாரின் பாவமன்னிப்பு என்று, வடக்குப் படையில் அயர்லாந்துக்காரர்களைக் கொண்டு அமைந்த அயரிஷ் பிரிகேடைப் பற்றி உருகி உருகி எழுதுகிறோம். 1861-65 போரில் வடக்குக்காக, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்த மத்திய அரசுக்காகச் சண்டையிட்ட அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர். பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து நியூயார்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூட்டம் இது. அவர்களை இழுத்தது மாதம் 13 டாலரும், வேளைக்குச் சாப்பாடும், படையில் சேர்ந்தால் தரும் சேர்ப்புத்தொகையும்தான். ஊரிலேயே இருந்திருந்தால் பிரிட்டனின் சிவப்புச் சட்டையை மாட்டியிருப்பார்கள். 1830-இல் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களில் 42 சதவீதம் அயர்லாந்துக்காரர்கள். மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டாக இங்கே தொடங்கிய படைதான் பிற்பாடு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. எந்தக் கொடி என்று பார்த்தா போனார்கள்?

ஏட்டுச்சுரைக்காய்:
கணக்கு இடிக்கிறதே ஐயா. கூலிக்காரனுக்கு அப்போது நாளொன்றுக்குச் சுமார் 1 டாலர். மாதம் 26 நாள் வேலை செய்தால் 26 டாலர். ராணுவச் சம்பளம் அதில் பாதி. 1861 ஆகஸ்ட் வரை அதுவும் 11 டாலர்தான். நீங்கள் சொல்லும் சேர்ப்புத்தொகையில் மத்திய அரசின் 100 டாலரை 1861-இல் யாரும் முன்பணமாகத் தரவில்லை. இரண்டு வருஷம் முடித்தாலோ போர் முடிந்தாலோதான் கைக்கு வரும். நடுவில் வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ படுத்து, தகுதியில்லை என்று அனுப்பப்பட்டவனுக்கு அதுவும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பது விதி. படை நகர்ந்துகொண்டே இருந்தால் சம்பள அதிகாரி வந்து சேர நாலு மாதம், ஆறு மாதம்கூட ஆகும். வீட்டுக்காரனுக்கு வாடகை மாதா மாதம் போக வேண்டுமே.

இன்னொன்று. 69-ஆவது நியூயார்க் படையின் கர்னல் மைக்கேல் கார்கரன், 1860 அக்டோபரில் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அணிவகுக்க மறுத்தவர். அதற்காக ராணுவ விசாரணையில் நின்றார். போர் மூண்டதும் வழக்கைக் கைவிட்டார்கள். அதே படையோடு புல் ரன் போர்க்களத்துக்குப் போய்த் தெற்குப் படையிடம் சிறைபட்டார். கூலிக்குப் போகிறவர் செய்கிற காரியமா இது?

கரிசல்காட்டான்:
கார்கரன் கர்னல். நான் பேசுவது சிப்பாயைப் பற்றி. நீங்கள் சொல்லும் 26 நாள் வேலை யாருக்குக் கிடைத்தது? அன்றாடங்காய்ச்சிக்குக் குளிர்காலத்தில் பாதி நாள் சும்மா. தெற்கு பிரிந்ததும் நியூயார்க்கின் பருத்தி வியாபாரமும் முடங்கியது. ராணுவத்தில் விதிப்படி தினம் 20 அவுன்ஸ் மாட்டிறைச்சி அல்லது 12 அவுன்ஸ் உப்புப் பன்றிக்கறி, ஒரு பவுண்டு காய்ந்த ரொட்டி. 100 பேருக்குப் பச்சைக் காப்பிக்கொட்டை 10 பவுண்டு, சர்க்கரை 15 பவுண்டு. துணிமணிக்கு வருஷத்துக்கு 42 டாலர் தனி. இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
கூட்டலாம். ஆனால் அவன் தின்ற ரொட்டியைப் பெண்டாட்டி பிள்ளைக்குத் தபாலில் அனுப்ப முடியாது. முகாம் கடைக்காரனின் பற்று போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு. கல்யாணமாகாத பையன் என்றால் உங்கள் கணக்கு சரி. குடும்பஸ்தனுக்கு நஷ்டம்.

வெள்ளாற்றங்கரை:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அவர்கள் பலியாடுகள். ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் போரில் 1862 டிசம்பர் 13 அன்று பிரிகேடிலிருந்து சுமார் 1,200 பேர் போய் 545 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். ஊருக்கெல்லாம் ரைபிள் கொடுத்துவிட்டு இவர்கள் கையில் 1842 மாடல் பழைய மஸ்கட் துப்பாக்கியைத் திணித்தார்கள். கத்தோலிக்கன் செத்தால் யாருக்கு என்ன?

தோட்டாப்பெட்டி:
சார், இந்தக் கதை ஒவ்வொரு இழையிலயும் வருது. அந்தத் துப்பாக்கியை யாரும் திணிக்கல. பிரிகேட் தலைவர் தாமஸ் ஃப்ரான்சிஸ் மார் (Meagher) அதைத்தான் விரும்பினார், கிட்டப் போய்ச் சண்டை போடணும்னு. 0.69 அங்குலக் குழல், உள்ளே வரிப்பள்ளம் கிடையாது. காகிதத் தோட்டாவுக்குள்ள ஒரு பெரிய ஈயக்குண்டு, அதுக்கு மேல மூணு சின்ன ரவை. ஒரே வெடியில நாலு உருண்டை சிதறும். 50 கஜத்துல ரைபிளைவிடக் கொடூரம். 100 கஜம் தாண்டினா குறி வைக்கிறது வீண்.

இன்னொரு வசதி கெட்டிக்கிறதுல இருக்கு. காகிதத்தைப் பல்லால கடிச்சு, மருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளி, மருந்தைப் பத்த வைக்கிற கேப்பு மாட்டணும். இருபது வெடிக்கு மேல போனா கரி படிஞ்சு ரைபிள் குழல்ல குண்டு இறங்க அடம்பிடிக்கும். மஸ்கட்ல குண்டு குழலைவிடச் சிறுசு, அதனால சுலபமா இறங்கும். கெட்டிக்கத் தெரிஞ்சவன் நிமிஷத்துக்கு மூணு வெடி வைப்பான்.

ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்ல சாவுக்குக் காரணம் துப்பாக்கி இல்ல. மேரீஸ் ஹைட்ஸ்ங்கிற குன்றோட அடிவாரத்துல பள்ளமான சாலை, முன்னால கல் சுவர். சுவருக்குப் பின்னால வரிசை வரிசையா தெற்குப் படை ஆள். முன்னால நிக்கிறவன் சுட, பின்னால இருக்கிறவன் கெட்டிச்சுக் கொடுத்தான். இந்தப் பக்கம் மறைவே இல்லாத ஏற்றம், நடுவுல ஒரு வாய்க்கால். 28-ஆவது மாசசூசெட்ஸ் படைகிட்ட என்ஃபீல்டு ரைபிள்தான் இருந்துச்சு. அவங்களும் அதே சரிவுலதான் விழுந்தாங்க. அன்னிக்கு அந்தச் சுவரை நோக்கி அனுப்பின மத்த பிரிகேடுகளுக்கும் இதே கதிதான், அவங்க கத்தோலிக்கரும் இல்ல. சுவருக்குப் பின்னால நின்ன ஜார்ஜியாக்காரங்கள்லயே அயர்லாந்துக்காரங்க இருந்தாங்க.

வெள்ளாற்றங்கரை:
துப்பாக்கி விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பு? 1863 மார்ச் சட்டப்படி 300 டாலர் கட்டினால் விலக்கு. கூலிக்காரனுக்கு அது ஒரு வருஷச் சம்பாத்தியம். ஏழையின் ரத்தம் என்பது இதுதானே?

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தக் கோபம் நியாயம். ஆனால் ஜூலை 13 முதல் 16 வரை நியூயார்க்கில் நடந்ததை அந்தக் கோபத்துக்குள் போர்த்தி மறைக்கக் கூடாது. கலகக்காரர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டார்கள், அவர்களின் அநாதைக் குழந்தைகள் இல்லத்தை எரித்தார்கள். கலகத்தை அடக்கப் போன கர்னல் ஹென்றி ஓ'பிரையனும் அயர்லாந்து வம்சம்தான். அவரையும் அடித்தே கொன்றார்கள்.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம். குடியுரிமை கேட்டு விருப்பம் தெரிவிக்காத வெளிநாட்டவனைக் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. தானாகச் சேர்ந்தவனுக்கோ 1862 ஜூலைச் சட்டம் ஒரு வழி திறந்தது. நல்லபடியாக விடுவிக்கப்பட்டால், ஒரு வருஷம் நாட்டில் வசித்ததைக் காட்டினாலே குடியுரிமை. மற்றவர்களுக்கு ஐந்து வருஷம். இது கூலியிலும் சேராது, கொடியிலும் சேராது.

கரிசல்காட்டான்:
சரி, நேரடிச் சாட்சிக்கு வருவோம். சிப்பாய்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் எழுதிய கடிதங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏராளமாக இருக்கின்றன. எதைப் பிரித்தாலும் பணம்தான்: இவ்வளவு அனுப்பினேன், வந்ததா, சம்பளம் இன்னும் வரவில்லை. அயர்லாந்து விடுதலையைப் பற்றி ஒரு வரி தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பதிவேடு:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கடிதங்கள் காப்பகத்துக்கு எப்படி வந்தன என்று கேட்டுப் பாருங்கள். அவை ஓய்வூதியக் கோப்புகளில் இருப்பவை. 1862 ஜூலை 14 சட்டப்படி சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். விதவையோ குழந்தையோ இல்லையென்றால் அவனை நம்பியிருந்த தாய்க்கு. தாய் கேட்டால், மகன் பணம் அனுப்பித்தான் பிழைத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக அவன் எழுதிய கடிதத்தையே கொடுத்தார்கள். பணத்தைப் பற்றிப் பேசும் கடிதம்தான் கோப்புக்குப் போயிருக்கும். கொடியைப் பற்றிப் பேசிய கடிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்து என்ன பயன்? அது பெட்டியிலேயே இருந்து செல்லரித்திருக்கும். ஆகவே அந்தக் கடிதங்களை எண்ணி நோக்கத்தைச் சொல்ல முடியாது.

கரிசல்காட்டான்:
இது எனக்குத் தோன்றவில்லை. கடித வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 1864-ஐ விட மாட்டேன். மத்திய அரசு, மாநிலம், கவுண்டி மூன்றும் சேர்ந்து சேர்ப்புத்தொகை நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறிவிட்டது. கப்பலிலிருந்து இறங்கியவனைத் தரகர் மடக்கி, கையெழுத்து வாங்கி, பாதியைத் தானே அமுக்கினார். அந்த ஆண்டு சேர்ந்தவன் கொடிக்கு வந்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
1864-க்கு ஒப்புக்கொள்கிறேன். 1861-க்கு இல்லை.

வெள்ளாற்றங்கரை:
@பதிவேடு, அந்த 8 டாலர் எளிதில் கிடைத்ததா?

பதிவேடு:
எளிதில்லை. விதவை முதலில் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். கல்யாணம் அயர்லாந்தில் நடந்திருந்தால் தலைவலி. அங்கே கத்தோலிக்கத் திருமணங்களை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864-இல்தான். அதனால் ஊர்ப் பாதிரியாருக்கு எழுதி, கோயில் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் வரவழைக்க வேண்டும். பதிவேட்டில் ஓ'பிரையன் மாதிரி முன்னால் ஓ'வுடன் இருக்கும் பெயர் ராணுவப் பட்டியலில் ஓ இல்லாமல் இருக்கும். சிலர் வேறு பெயரிலேயே சேர்ந்திருப்பார்கள். அப்போது இறந்தவனும் இவள் கணவனும் ஒரே ஆள்தான் என்று கூடப் போர்புரிந்தவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள், பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து. குழந்தைகளின் வயதுக்கு ஞானஸ்நானச் சீட்டு தனி. ஒரு தாள் குறைந்தாலும் வாஷிங்டனிலிருந்து கோப்பு திரும்பி வரும்.