அரபு நாட்டுக்குப் போன புதிதில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

புரைதா, ஏசி மெக்கானிக்

சவூதியில் இந்தப் புரைதா ஊருக்கு வந்து 2 மாதம்கூட ஆகவில்லை. ஐவா (ஆமாம்), லா (இல்லை), கலாஸ் (முடிந்தது), என் அரபி அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஸ்ப்ளிட் ஏசிக்கு கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவர் மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகள் உட்காரும் அறையில், உட்காரச் சொன்னார். 70 வயதுக்கு மேல் இருக்கும். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, இடது கையில் தல்லாவை (மூக்கு வைத்த காபிக் கூஜா) பிடித்தபடி வலது கையால் ஃபிஞ்சானை (பிடியில்லாத சின்னக் கோப்பை) நீட்டினார். அடியில் கொஞ்சமாகத்தான் கஹ்வா (அரபுக் காபி) ஊற்றுவார்கள், தெரியும்தானே. ஏலக்காய் வாசம் தூக்கியது.

நம் ஊரில் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடிப்பதுதான் மரியாதை. குடித்தேன், கோப்பையை நீட்டினேன். மறுபடி ஊற்றினார். இப்படி ஆறோ ஏழோ தடவை. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் நீட்டிக்கொண்டே இருந்ததால் அவர் உட்காரவும் இல்லை. தல்லாவின் மூக்கு கோப்பை விளிம்பில் டக் டக்கென்று தட்டியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. 10 வயதுப் பேரன் எழுந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டான். அதற்கு அப்புறம்தான் பெரியவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். 9 வருடம் ஆகிறது. அந்த டக் டக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தமாம்

தம்பி, 3 கோப்பைதான் கணக்கு. முதலாவது விருந்தாளிக்கு, இரண்டாவது ரசனைக்கு, மூன்றாவது வாளுக்கு என்பார்கள். அதற்கு மேல் வாங்கக் கூடாது.

என்னுடையது கை சைகை. ஐந்து விரல் நுனியையும் மேல்நோக்கிக் குவித்துக் காட்டினால் ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து முதீர் (மேனேஜர்) அப்படிக் காட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினேன். பைப் ஒன்று சறுக்கி, கீழே நின்ற பங்களாதேஷ் பையனின் காலடியில் போய் விழுந்தது.

மஸ்கட்

3 கோப்பைக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். 14 வருடமாக ஓமானி வீடுகளுக்குப் போகிறேன், யாரும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. ஒன்றோடு ஆட்டினாலும் சந்தோஷம்தான். ஒன்றுகூட வாங்காமல் எழுந்தால்தான் மனம் கோணும். வாள், கீள் என்று சொல்லி புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

நான் வந்த முதல் ஜூன் மாதம், மத்தியானம் முகம் கழுவக் குழாயைத் திறந்து உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டேன். பக்கத்து அறை மலையாளி சேட்டன் சொன்னதுதான் இன்று வரை கைகொடுக்கிறது. தொட்டி மொட்டைமாடி வெயிலில் கிடப்பதால் பச்சைத்தண்ணீர்க் குழாயில்தான் சுடுதண்ணீர் வரும். அதனால் மே மாதமே கீஸரை அணைத்துவிடுங்கள். கீஸர் குளியலறைக்குள், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. அதில் தேங்கும் தண்ணீர் ராத்திரியில் ஆறிவிடும். காலையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர். ஒரு ஆளுக்குத்தான் வரும், அறையில் 4 பேர் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே 12.30 முதல் 3.30 வரை வெளிவேலை கிடையாது, சட்டமே இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12 முதல் 3. அந்த நேரத்தில் வெயிலில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். ரமலான் பகலில் தெருவில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள். பக்காலாவில் (மளிகைக் கடை) கடன் வைத்தால் மாதம் முடியும் முன் தீர்த்துவிடுங்கள்.

புரைதா, ஏசி மெக்கானிக்

மஸ்கட் அண்ணே, கீஸர் விஷயம் நாங்களும் செய்வதுதான். தமாம் அண்ணே, அந்தப் பையனுக்கு அடி ஒன்றும் இல்லையே?

தமாம்

இல்லை தம்பி. ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் என்னைத் திட்டக்கூட இல்லை, பைப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். சாயங்காலம் குப்பூஸும் (அரபு ரொட்டி) ஃபூலும் (வேகவைத்து மசித்த பீன்ஸ்) வாங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். என் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி எனக்குத் தெரியாது. குப்பூஸைப் பிய்த்து முதல் துண்டை என் கையில் கொடுத்தான்.