ஸைட்லர் குடும்ப முத்திரை: சின்னத்தை வைத்துத் தேடுவது எப்படி?

மாமனாரிடம் ஒரு பழைய முத்திரை மோதிரம் இருக்கிறது. அதில் பொறித்த கேடயத்தில் குறுக்குவில் (கிராஸ்போ), மேலே இரண்டு தேனீக்கள், அதற்கு மேல் மூடிய தலைக்கவசம். ஆண்டோ எழுத்தோ இல்லை. குடும்பப் பெயர் ஸைட்லர். பூர்வீகம் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பக்கம்.

பெயரில் சிக்கல் இல்லை. காட்டில் தேன் எடுத்தவர்களின் தொழில்பெயர்தான் அது. நியூரம்பெர்க் காட்டுத் தேனெடுப்பவர்களுக்கு 1350-இல் மன்னர் நான்காம் கார்ல் உரிமைகள் கொடுத்திருக்கிறார். குறுக்குவில்லும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆனால் அந்தத் தொழில் செய்த பலருக்கும் இதே பெயர் வந்திருக்கும், கேடயத்தில் உள்ள குடும்பச் சின்னமோ குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்கு மட்டும்தான் சொந்தம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1605-இல் வெளிவரத் தொடங்கிய ஸீப்மாகர் சின்னத் தொகுப்பில் பெயர்வாரியாகத் தேடினேன், பொருந்தவில்லை. தேவாலயப் பதிவேடுகளில் 1650 வரை போக முடிகிறது. அதற்கு முந்தையவை முப்பதாண்டுப் போரில் (1618–48) அழிந்துபோய்விட்டன. இணையத்தில் ஒரு கடை இந்தப் பெயருக்கென்று சின்னம் அச்சடித்து விற்கிறது, அதில் சிங்கம்! அதை விடுங்கள்.

பெயரை விட்டுவிட்டு, குறுக்குவில், தேனீ என்று கேடயத்தில் உள்ள உருவத்தை வைத்தே தேடக்கூடிய ஜெர்மன் சின்ன அட்டவணை எது, அதை எங்கே பார்க்கலாம்?