நாலு லிட்டர் தண்ணீர் குடித்தும் மஞ்சளாகவே போகிறது, கிட்னி கோளாறா?

காட்பாடிக்காரன்:
வயது 34, சென்ட்ரிங் வேலை. இந்தக் கத்திரி வெயிலில் மாடியில் நின்று கம்பி கட்டுகிறேன். ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு காலியாகிறது, ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தடவைதான் ஒன்றுக்குப் போகிறேன், அதுவும் கொஞ்சமாக, நல்லெண்ணெய் நிறத்தில். மேஸ்திரி "உனக்கு கிட்னி போச்சுடா" என்கிறார். குடித்த தண்ணீர் எங்கேதான் போகிறது?

பழைய_வேலூர்:
பாலாறு மாதிரிதான் தம்பி, மேலே மணல், தண்ணீரைக் காணோம்! வாழைத்தண்டு சாறு குடிங்க, சரியாகிடும்.

டயாலிசிஸ்_தம்பி:
வாழைத்தண்டு இருக்கட்டும் அண்ணா. ராணிப்பேட்டையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன், நீங்கள் சொன்ன வரை பார்த்தால் கிட்னி வேலை செய்கிறது, அதுவும் கஞ்சத்தனமாக. வெயிலில் கடுமையாக உழைத்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாகப் போகலாம், அப்புறம் நாலு லிட்டர் எந்த மூலைக்கு?

போகிக்கு என்ன செய்வோம்? சாமான் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோவோம். கிட்னியும் அப்படித்தான். குப்பையைத் தேடிப் பொறுக்குவதில்லை. ஒவ்வொரு கிட்னியிலும் நெஃப்ரான் என்ற குட்டி வடிகட்டி சுமார் 10 லட்சம், அதன் வாயில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய் முடிச்சு. ரத்த அணுக்களையும் புரதத்தையும் நிறுத்திக்கொண்டு தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். ஒரு நாளைக்கு இப்படி வடிவது 180 லிட்டர். பிறகு நீளமான குழாய் வழியே போகும்போது சர்க்கரை முழுக்க, தண்ணீரும் உப்பும் 99 சதவீதம் திரும்ப ரத்தத்துக்கு வந்துவிடும். மிஞ்சுகிற ஒன்றரை லிட்டர்தான் நாம் போவது.

வியர்த்து ரத்தத்தில் உப்பு கூடியதும் மூளை கண்டுபிடித்துவிடும். தாகம் எடுக்கும், கூடவே ஏடிஎச் என்ற ஹார்மோன் வந்து கடைசிக் குழாயில் தண்ணீர் திரும்பும் வழியைத் திறந்துவிடும். அதனால்தான் கொஞ்சமாக, மஞ்சளாக. ஆனாலும் கழிவு கரைந்து போக தினம் அரை லிட்டராவது வேண்டும், அதற்குக் கீழே போனால் யோசிக்கணும்.

காட்பாடிக்காரன்:
இப்போதுதான் மூச்சு வந்தது தம்பி. ஞாயிற்றுக்கிழமை பீர் அடித்தால் மட்டும் தண்ணீர் நிறத்தில் நாலைந்து தடவை போகிறதே, அது கழுவி விடுகிறது இல்லையா?

டயாலிசிஸ்_தம்பி:
இல்லை அண்ணா, சாராயம் அந்த ஏடிஎச்சையே அடக்கிவிடும். வைத்துக்கொள்ள வேண்டிய தண்ணீரும் போய், மறுநாள் தலைவலிதான் மிச்சம். மோர், உப்பு போட்ட கஞ்சி, ஓஆர்எஸ் எடுத்துக்கோங்க.

ஆரணி_அக்கா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வேலை முடிந்து முதுகு வலிக்குதுன்னு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவீங்களே, உடம்பு வறண்டு கிடக்கும்போது அது கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் கிரியாட்டினின் 2.4 வரை ஏறியது, வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. நல்லா தண்ணீர் குடித்துத் தூங்கி எழுந்தும் மஞ்சள் போகலைன்னா, டிகாஷன் நிறத்தில் போனா, நுரை நிற்கலைன்னா டாக்டரைப் பாருங்க.

காட்பாடிக்காரன்:
அக்கா, தினம் ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறேன், ரெண்டு மாசமாக. நாளைக்கே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறேன்.