எதிர்த் தரப்பிடம் மைக்கை நீட்டியபோது: உங்கள் அனுபவம்

சேத்தியாத்தோப்பு, கேபிள் செய்தியாளர்

2023 ஜூலையில் நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் பச்சைப் பயிருக்குள் பொக்லைன் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம், சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதை ஆதரித்துப் பேசிய உள்ளூர் கட்சிக்காரர் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். எங்கள் சித்தப்பா நிலமும் அந்தப் பக்கம்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. மூச்சுவிடாமல் கேள்வி கேட்டேன். நடுவில் அவர், "தம்பி, முதல்ல சுரங்கம் தோண்டுனப்ப எங்கப்பாவும் நெலம் குடுத்தவருதான்" என்று சொல்லி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மாட்டினார். பேசத்தான் வந்தார். நான், "சரிங்க, அடுத்த கேள்வி" என்று தாண்டிவிட்டேன். ஒளிபரப்பில் அந்த வரியே கிடையாது. வெட்டியது நான்தான். இன்னும் மனசு ஆறவில்லை.

முதலியார்பேட்டை

எனக்கு நேர்மாறு. புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து பற்றிய விவாதத்துக்கு நான் நடுவர். இரண்டு பேருக்குமே அந்தஸ்து வேண்டும். யார் தடுத்தது என்பதில்தான் சண்டை. பேச்சு, தேர்தல் இல்லாமல் மத்திய அரசு நியமிக்கும் எம்.எல்.ஏ.க்கள் பக்கம் போனது. "அந்த 3 பேருக்குச் சட்டசபையில் ஓட்டுப் போடும் உரிமையே கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உண்டு என்று 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. எனக்குத் தெரியும். கைதட்டல் அதிகமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு மாணவி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடலூர் முதுநகர்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு மீனவரிடமிருந்து பிடுங்கிய மைக்கை வாங்கித் திரும்ப அவர் கையில் கொடுத்தேன். என் கதை அவ்வளவுதான்.

சேத்தியாத்தோப்புத் தம்பி, நீங்கள் வெட்டியதைவிடச் சித்தப்பா நிலத்தை மறைத்ததுதான் தப்பு. உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். எழுந்து போனால் போகட்டும். அப்புறம், அவர் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள். பதில் முடிந்ததும் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். முக்கால்வாசிப் பேர் அந்த இடைவெளியில்தான் உண்மையைச் சொல்வார்கள். முதலியார்பேட்டைக்காரர் தீர்ப்பு நகலைக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும். நடுநிலை என்றால் தப்பான தகவலையும் சும்மா விட்டுவிடுவதா?

முதலியார்பேட்டை

நகல் பையில்தான் இருந்தது, ஐயா. எடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

சேத்தியாத்தோப்பு, கேபிள் செய்தியாளர்

முன்பே சொல்லியிருந்தால் பேட்டியே கொடுத்திருக்க மாட்டார், அண்ணே. ஆனாலும் நீங்கள் சொல்வது சரிதான். வெட்டாத பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சித்தப்பா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.