அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொன்னது ஒரே பிரேக்கா?

உப்புவெளி வாணி:
அம்மாவுக்குப் பத்து வருடமாக மூட்டுவாதம், ருமட்டொயிட் வகை. விடிய எழும்பினால் விரல் மடங்காது. தேங்காய்ப்பூ பிழிய நான்தான் போக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் போதாது என்று இப்போது அபடாசெப்ட் ஊசி பற்றிக் கதைக்கிறார்கள். சித்தப்பாவுக்குப் போன மாதம் நுரையீரலில் புற்றுநோய் தெரிந்தது. அவருக்குச் சொல்லியிருப்பது பெம்ப்ரோலிசுமாப். இரண்டு டொக்டர்மாரும் நோயெதிர்ப்பின் பிரேக் என்றே விளக்கினார்கள். ஒரே பிரேக்கா? "நாளைக்கு எனக்கும் புற்றுநோய் வந்தால் அந்த மருந்தைத் தரமாட்டார்களோ?" என்று அம்மா ஓயாமல் கேட்கிறார்.

ஆய்வுகூடத்தான்:
தங்கச்சி, பிரேக் ஒன்றல்ல, இரண்டு. நோயெதிர்ப்பின் படைவீரன் டி செல். எதிரி இன்னார் என்று இன்னொரு செல் காட்டிக்கொடுத்தால் மட்டும் அது கிளம்பாது. காட்டும் செல்லின் மேல் சிடி80, சிடி86 என்று கொக்கிகள் உண்டு. டி செல்லின் சிடி28 அவற்றில் கொளுவ வேண்டும். வேலை தொடங்கியதும் அதே டி செல் சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கைத் தன் மேல் நீட்டும். அது அந்தக் கொக்கிகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, சிடி28க்கு இடமில்லாமல் செய்யும். வேகம் அடங்கிவிடும். அபடாசெப்ட் என்பது சிடிஎல்ஏ-4இன் வெளித்துண்டை ஓர் அன்டிபொடியின் வாலோடு ஒட்டியது. உடம்பு தானே செய்யும் பிரேக்கை ஊசியில் ஏற்றுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான். அமெரிக்காவில் 2005இலேயே மூட்டுவாதத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

சித்தப்பாவுடையது பிடி-1, டி செல்லின் மேலுள்ள மற்றப் பிரேக். 1992இல் ஜப்பானிய விஞ்ஞானி தசுக்கு ஹொன்ஜோவின் குழு கண்டுபிடித்தது. புற்றுநோய்ச் செல் பிடி-எல்1ஐ நீட்டி அந்த பிடி-1ஐ அழுத்தி, டி செல்லை அடக்கிவைக்கும். பெம்ப்ரோலிசுமாப் பிடி-1ஐ மூடிவிட்டால் அழுத்த இடமில்லை.

அம்மாவின் பயம் வீண் பயமல்ல. அவருடைய மூட்டுவாதமே சொந்த நோயெதிர்ப்பு மூட்டைத் தாக்குவதுதான்; பிரேக்கை எடுத்தால் அது மிஞ்சலாம். சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே செத்தன, சொந்த டி செல்களே இதயத்துக்குள் புகுந்து. ஆனாலும் கதவு மூடியதாக நினைக்க வேண்டாம். பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளின் தொடக்க ஆய்வுகளில் மூட்டுவாதக்காரர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. பிறகு பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டு மறுபடி வீங்கலாம், அநேகமாக ஸ்டீரொயிட்டில் அடங்கும். இரண்டு டொக்டர்மாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

நிலாவெளி மகள்:
வாணி, சித்தப்பாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். என் அப்பாவுக்கு நிவோலுமாப், அதுவும் பிடி-1 மருந்துதான். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிற்றோட்டம். முதல்நாள் சாப்பிட்ட நண்டுக்கறி என்று நினைத்து நாலு நாள் கொத்தமல்லித் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால், அவிழ்த்துவிட்ட டி செல்கள் குடலைத் தாக்கியிருந்தன. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் கொடுத்த பிறகுதான் நின்றது. வயிற்றோட்டம், புதிதாக மூச்சு வாங்குதல், இருமல் எது வந்தாலும் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைப்பெடுங்கள். கடையில் குளிசை வாங்கி அடக்கிவைக்க வேண்டாம். ஊசி நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம்.

உப்புவெளி வாணி:
அவருக்கு ஏற்கெனவே இருமல் இருக்கிறது அக்கா. வழக்கத்தைவிடக் கூடினால் என்று எழுதிக் கொடுக்கிறேன். அப்பா இப்போது எப்படி?

நிலாவெளி மகள்:
விடியவே கடற்கரைக்கு நடக்கப் போகிறார். தைரொயிட்டும் அடிபட்டதால் தினமும் ஒரு தைரொக்சின் குளிசை, வெறும் வயிற்றில்.