மெத் போதைய நிறுத்தி மாசக்கணக்காச்சு, தம்பி இன்னும் பழையபடி ஆகல, சரியாகுமா?

கடலூர்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம், நாங்க மஞ்சக்குப்பம் பக்கம். என் தம்பி பாண்டில நைட் ஷிஃப்ட் வேலை பாத்தான், அங்க கூட இருந்த பசங்க மூலமா மெத் பழக்கமாகி, அவனுங்க ஐஸ்னு சொல்றாங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிருக்கு, எங்களுக்குத் தெரியவே இல்ல. ஆளு எலும்பும் தோலுமா ஆனப்புறம்தான் புடிச்சு கேட்டோம். இப்ப சுத்தமா நிறுத்திட்டான், வீட்லயேதான் இருக்கான். ஆனா எதுலயும் ஆசையே இல்ல. மீன் குழம்புன்னா உயிர விடுவான், இப்ப தட்டுல வச்சாலும் வெறிச்சு பாத்துட்டு உக்காந்திருக்கான். ராத்திரில ஜன்னல சாத்திட்டு வெளிய யாரோ பைக்ல நின்னு நம்ம வீட்டையே பாக்குறாங்கன்னு சொல்றான். கையெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணு, பல்லு வேற உடைஞ்சு உதிருது. அம்மா செய்வினைங்குறாங்க, அப்பா சோம்பேறின்னு திட்டுறாரு. மூளை ஒரேடியா போயிடுச்சா? போலீஸ் கேஸாகிடுமோன்னு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல.

வார்டு_நர்ஸ்:
அக்கா மொதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, அது சோம்பேறித்தனம் இல்ல. ஆசை, சந்தோஷம், ஒரு வேலைய செய்யணும்ங்குற உந்துதல் இதுக்கெல்லாம் மூளைல டோபமைன்னு ஒண்ணு வேணும். மெத் அத நரம்பு செல்லுல இருந்து மொத்தமா வெளிய தள்ளிடும், திரும்ப உள்ள போகவும் விடாது. உடம்புல பாதி அளவு குறையவே கிட்டத்தட்ட 10, 12 மணி நேரம் ஆகும், கோகைன் ஒரு மணி நேரத்துல பாதி இறங்கிடும், அதான் இது இவ்வளவு நாசம் பண்ணுது. வருஷக்கணக்கா இப்படி போனா அந்த நரம்பு முனைகளே அடிபட்டுடும், அதான் மீன் குழம்பு முன்னாடி இருந்தும் அவனுக்கு ஒண்ணும் தோணல.

ஒரேடியா போயிடுச்சான்னு கேட்டீங்க. 2001ல வோல்கோவ்னு ஒரு டாக்டரம்மா குழு ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, 12லிருந்து 17 மாசம் தொடாம இருந்தவங்களுக்கு டோபமைன திரும்ப உள்ள இழுக்குற அமைப்பு நல்லாவே தேறி வந்திருந்துச்சு. ஞாபகமும் கை கால் வேகமும் அந்த அளவுக்குத் தேறல. அதனால மாசக்கணக்க வச்சு முடிவு பண்ணாதீங்க, இப்ப அவன் இருக்குறது நடு வழில.

ஆனா பைக்ல ஆள் நிக்குறான்னு சொல்றான்ல, அத மட்டும் தானா சரியாகும்னு காத்திருக்கக் கூடாது. சந்தேகம், காதுல குரல் கேக்குறது, தோலுக்கு அடில பூச்சி ஊறுற மாதிரி இருக்குறது எல்லாம் மெத்தால வர்றது, அவன் கைப் புண்ணும் பெரும்பாலும் இதாலதான். சிலருக்கு நிறுத்துன பிறகும் நீடிக்கும், தூக்கம் கெட்டாலோ டென்ஷன் ஆனாலோ திரும்ப வரும். இந்த சந்தேகத்துக்கும் குரலுக்கும் மாத்திரை இருக்கு, கேக்கும். அவன்கிட்ட ஆள் இல்லடான்னு சண்டை போடாதீங்க, ஆமா இருக்கான்னும் சொல்லாதீங்க, பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க. செத்துடலாம்னு பேசினா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடணும்.

நெல்லிக்குப்பம்_அண்ணன்:
ஏதாவது பிரைவேட் சென்டர்ல ஆறு மாசம் பூட்டி வச்சா தானா சரியாகிடும்மா, வீட்ல வச்சு ஏன் கஷ்டப்படுறீங்க.

அரியாங்குப்பம்காரன்:
அண்ணே அப்படி சொல்லாதீங்க. நானும் இத எடுத்தவன்தான், எங்க வீட்ல என்னை ஒரு இடத்துல கொண்டு போய் விட்டாங்க, அங்க அடியும் பட்டினியும்தான், டாக்டர் வந்து பாத்ததே இல்ல, வெளிய வந்த வாரமே திரும்ப எடுத்தேன். அப்புறம் பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்கு போனேன், அங்க பேசிப் பேசித்தான் மாறிச்சு, எந்த நேரம், எந்த ஆளு, கைல சம்பளம் வர்ற நாள், இதுல எது நம்மள இழுக்குதுன்னு கண்டுபுடிக்க வச்சாங்க. ஹெராயினுக்கு பதில் மாத்திரை குடுக்குற மாதிரி மெத்துக்கு ஒரு மருந்து கிடையாது சிஸ்டர், பேச்சும் பழக்கத்த மாத்துறதும்தான் வைத்தியம். உங்க தம்பி நைட் ஷிஃப்டுக்கு திரும்பப் போகவே கூடாது. அந்த பசங்க நம்பர எல்லாம் எடுத்துட்டு சிம்ம மாத்திடுங்க.

சட்டம்_படிச்சவன்:
போலீஸ் பயத்துக்கு மட்டும் சொல்றேன். 1985ல வந்த என்டிபிஎஸ்ங்குற போதைப்பொருள் தடுப்பு சட்டத்துல 64ஏ பிரிவுன்னு இருக்கு, பழக்கத்துக்கு அடிமையானவங்க தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா, பயன்படுத்துன குத்தத்துக்கும் சின்ன அளவு வச்சிருந்த குத்தத்துக்கும் விலக்கு உண்டு, ஆனா சிகிச்சைய முழுசா முடிக்கணும். வித்தவங்களுக்கு இது பொருந்தாது. யாரையும் நேர்ல பாக்க தயக்கமா இருந்தா 14446, போதைப் பழக்கத்துக்கான இலவச நம்பர். மனசு சம்பந்தமா பேச 14416, தமிழ்லயே பேசலாம்.

கடலூர்_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்பாவுக்கு படிச்சு காட்டினேன், ஒண்ணும் சொல்லல, ஆனா இன்னைக்கு திட்டல. தம்பி மனநல டாக்டர்னா வரமாட்டேங்குறான், பைத்தியம்னு சொல்றியான்னு கத்துறான். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு மட்டும் அவனே சொல்றான்.

வார்டு_நர்ஸ்:
அந்த மூச்ச சாதாரணமா விடாதீங்க அக்கா. மெத் பிரஷர ஏத்தி ரத்தக் குழாய இறுக்கி வருஷக்கணக்குல இதயத் தசையவே தளர வச்சுடும், சின்ன வயசுலயே ஹார்ட் பெயிலியரும் பக்கவாதமும் வந்து படுத்தவங்கள நான் பாத்திருக்கேன். நிறுத்துனா இதயமும் ஓரளவு தேறும், ஆனா இப்பவே பாத்தாதான். ஈசிஜியும், எக்கோன்னு இதயத்துக்கான ஸ்கேனும் எடுக்கணும், ஊசியும் போட்டிருந்தா எச்ஐவி, ஹெபடைடிஸ் சிங்குற கல்லீரல் கிருமி டெஸ்டும். மூச்சு வாங்குறதுக்குன்னு ஜெனரல் ஓபிக்கு கூப்பிடுங்க, வருவான், அங்க டாக்டர்கிட்ட மெத் எடுத்தத மறைக்காம சொல்லுங்க, தூக்கம் வரலன்னும் அவன் வாயாலயே சொல்லட்டும், மனநலப் பிரிவுக்கு அவங்களே எழுதி அனுப்புவாங்க. பல்லுக்கு அதுக்கப்புறம் போகலாம், எச்சில் வத்திப் போய் ராத்திரியெல்லாம் பல்ல நறநறன்னு கடிச்சதுல வர்றது அது, பல் டாக்டர்கிட்டயும் இத சொல்லிடணும், ஏன்னா மெத் உடம்புல இருக்கும்போது மரத்துப்போற ஊசில கலக்குற அட்ரினலின் இதயத்துக்கு ஆபத்து. காலைல சீக்கிரம் போங்க, டோக்கன் தீர்ந்துடும்.